கோனியம்மன் தேரும், பார்க்காமல் விட்ட கோவையும்

நானும் பூங்கொடியும் கோவையில் ஒரே விடுதியில் தங்கிப் படித்தவர்கள். ஒப்பணக்கார வீதியில் எந்தக் கடையில் ஜாக்கெட் துணி மலிவு, எந்தக் கடைக்காரர் பேரம் பேசினால் கோபித்துக்கொள்வார் என்பதெல்லாம் அத்துப்படி. ஆனால் மாசி மாதம் அதே வீதி வழியாக வரும் கோனியம்மன் தேரை மட்டும் பார்த்ததே இல்லை. தேர் அன்று வார்டன் கேட்டைப் பூட்டிவிடுவார். இப்போது அவள் திருப்பூரில், நான் கோபிசெட்டிபாளையத்தில். இந்த மாசிக்கு ரெண்டு பேரும் லீவு போட்டுவிட்டுக் கிளம்பினோம்.

தேரோட்டம் வழக்கமாகப் புதன்கிழமை, மதியத்துக்கு மேல். ராஜ வீதி தேர்நிலைத்திடலில் கிளம்பி, ஒப்பணக்கார வீதி, வைசியாள் வீதி, கருப்பகவுண்டர் வீதி என்று சுற்றித் திரும்பவும் நிலைக்கு வந்து சேரும். அன்றைக்கு அந்தப் பக்கம் வண்டிகளை விடுவதில்லை. ஹாரன் சத்தமே இல்லாத ராஜ வீதியை நான் முதல்முறையாகப் பார்த்தேன். கடைப் பலகைகளுக்கு மேலே பழைய மாடிகள் இருக்கின்றன, மரச்சட்டம் போட்ட ஜன்னல்கள் இருக்கின்றன. படிக்கிற காலத்தில் தலையைத் தூக்கிப் பார்த்திருந்தால்தானே! 1892-இல் கட்டிய டவுன்ஹால் கட்டடத்தைக்கூட எங்களுக்கு பஸ் ஸ்டாப்பாகத்தான் தெரியும்.

இந்தத் தேருக்கு உப்பு வீசுவது வழக்கம். ஓரமாக உப்புப் பொட்டலம் விற்றுக்கொண்டிருந்த ஆத்தா ஒருத்தர் எங்களைப் பார்த்ததுமே புதுசு என்று கண்டுபிடித்துவிட்டார். "மேல பாத்து வீசோணும் கண்ணு, இல்லீனா முன்னால நிக்கறவங்க கண்ணுல போயிரும்" என்று கையை ஆட்டிக் காட்டினார். பூங்கொடி வீசிய முதல் பிடி நேராக ஒரு போலீஸ்காரர் தொப்பியில் விழுந்தது. அவர் திரும்பிப் பார்த்து, "சாமிக்குப் போடுங்கம்மா, எனக்கெதுக்கு?" என்றார். சுத்தி நின்ற எல்லோரும் சிரித்துவிட்டார்கள், அவரும்தான்.

தேர் நேராக ஓடுவதைவிட முக்கில் திரும்புவதுதான் பார்க்க வேண்டியது. வடம் பிடிப்பவர்கள் ஒரு பக்கம் இழுக்க, சக்கரத்துக்குப் பக்கத்திலேயே குனிந்தபடி ஓடும் ஆட்கள் முட்டுக்கட்டையைக் கொடுத்துக் கொடுத்து அவ்வளவு பெரிய தேரைக் கொஞ்சம் கொஞ்சமாக வளைக்கிறார்கள். கையைச் சரியான நேரத்தில் எடுக்காவிட்டால் அவ்வளவுதான். எங்கள் பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர் வயசில் அந்த வேலை செய்தவராம். தேரையே அவர் பார்க்கவில்லை, ஒவ்வொரு கட்டையாக, "இது பத்தாது... ஆங், இப்பச் சரி" என்று தனக்குள்ளே சொல்லிக்கொண்டிருந்தார். பூங்கொடி கொஞ்ச நேரத்தில் தேரை விட்டுவிட்டு அவரையே பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

ஒப்பணக்கார வீதி அத்தர் ஜமாத் பள்ளிவாசல் முன்னால் வருஷா வருஷம் இஸ்லாமியர்கள் தண்ணீர் பாட்டில் கொடுப்பதைப் பேப்பரில் படித்திருக்கிறேன். அங்கே நின்ற தம்பி, "அக்கா, ஒண்ணு பத்தாது, வெயிலு" என்று எங்களுக்கு ஆளுக்கு ரெண்டு திணித்தார். நன்றி சொல்வதற்குள் அடுத்த ஆளிடம் போய்விட்டார்.

ராத்திரி தங்கிய லாட்ஜைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. திருவிழா என்று வாடகையை ஏற்றிவிட்டு வெந்நீரை நிறுத்திவிட்டார்கள், விடுங்கள்.

மறுநாள் காலை ஆர்.எஸ்.புரம் அன்னபூர்ணாவில் சாம்பார் இட்லி. அதே ருசிதான். அப்புறம் கௌலிபிரவுன் ரோடு. அந்த ரோட்டில் எத்தனையோ தடவை போயிருக்கிறோம், வனக் கல்லூரி வளாகத்துக்குள் 1902-ஆம் ஆண்டில் இருந்து ஒரு வன அருங்காட்சியகம் இருப்பது தெரியாது. காஸ் என்ற வெள்ளைக்கார வன அதிகாரி பேரில் உள்ளது. யானையின் எலும்புக்கூடு, பாடம் செய்த காட்டெருமை, வரிசை வரிசையாக மரத்துண்டுகள். பேரனோடு வந்திருந்த ஒரு தாத்தா மரங்களின் முன்னாலேயே நின்றுகொண்டிருந்தார். வேங்கையைக் காட்டி, "இதும் பட்டைய வெட்டுனா ரத்தமாட்டம் பால் வடியுமுங்க. சின்னதுல உங்களுக்கெல்லாம் வேங்கைப்பால் பொட்டு வெச்சிருப்பாங்களே" என்றார். என் மகளுக்கு அம்மா வைத்துவிட்ட கறுப்புப் பொட்டு எந்த மரத்தில் இருந்து வருகிறது என்று அன்றைக்குத்தான் மரத்தையே நேரில் பார்த்துத் தெரிந்துகொண்டேன். பேரன் மட்டும் யானையிடம் போகணும் என்று அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தபடியே இருந்தான்.

அவிநாசி ரோட்டு ஜி.டி. கார் மியூசியம் பூங்கொடி ஆசைப்பட்ட இடம். 1886-ஆம் ஆண்டு பென்ஸ் மூன்று சக்கர வண்டியின் மாதிரியில் இருந்து தொடங்குகிறது. கார் பைத்தியங்களுக்கு அரை நாள் வேண்டும், எனக்கு ஒரு மணி நேரம் போதும். அதே ரோட்டில் 2025 அக்டோபரில் திறந்த 10.1 கிலோமீட்டர் மேம்பாலத்துக்கும் ஜி.டி. நாயுடு பேர்தான். அதில் ஒரு தடவை போய்ப் பார்த்தோம். சீக்கிரம் போகிறது, வாஸ்தவம். ஆனால் லட்சுமி மில்ஸ், பீளமேடு என்று ஒவ்வொரு ஸ்டாப்பாகச் சொல்லிக்கொண்டு போகிற சுகம் அதில் இல்லை.

சாயங்காலம் காந்திபுரம் செம்மொழிப் பூங்கா. மத்திய சிறை வளாகத்து நிலத்தில் 45 ஏக்கர். செடிகள் இன்னும் வளரவேண்டும். நிழல் கம்மி, வெயில் தாழ்ந்த பிறகு போங்கள். வெளியே வந்ததும் தள்ளுவண்டிக் காளான். பேர்தான் காளான், பாதிக்கு மேல் முட்டைக்கோஸ் என்று நான் அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன். பூங்கொடி காதில் போட்டுக்கொள்ளாமல் ரெண்டாவது பிளேட் வாங்கினாள்.

அடுத்த மாசிக்குப் போகிறவர்கள் ராஜ வீதியும் ஒப்பணக்கார வீதியும் சேரும் முக்கில் முன்கூட்டியே இடம் பிடித்துவிடுங்கள். கையில் பெரிய பை வேண்டாம். உப்பு அங்கேயே கிடைக்கும்.