கலங்கரை விளக்கச் செலவு: 'பங்கீடு' பொருந்துமா?

வணக்கம்.

கலங்கரை விளக்கங்களை நடத்தும் செலவை நாடுகள் சேர்ந்து சுமப்பதற்கு 'விளக்குப் பங்கீடு' என்ற சொல்லை இங்கே முன்வைத்திருக்கிறார்கள். சுருக்கமான சொல், சரி. ஆனால் எனக்கு உடன்பாடில்லை. நதிநீர்ப் பங்கீடு என்றால் எல்லாருக்கும் வேண்டிய ஒன்றைப் பிரித்துக்கொள்வது. ஒருவர் கூடுதலாக எடுத்தால் இன்னொருவருக்குக் குறையும். விளக்கொளி அப்படியா? இருட்டில் வரும் கப்பல், எத்தனை வினாடிக்கு ஒருமுறை ஒளி வெட்டுகிறது என்று எண்ணி, எந்த விளக்கு என்று தெரிந்துகொள்கிறது. பின்னால் வரும் கப்பலுக்கு அதனால் ஒளி குறைவதில்லை. முதல் கப்பல் அந்த நாட்டுத் துறைமுகத்தைத் தொடாமல் பக்கத்து நாட்டுக்கே போய்விடவும் கூடும். அதனால்தான் செலவை யார் ஏற்பது என்ற சிக்கலே வருகிறது.

பொறுப்பேற்பு, பங்கேற்பு போல 'செலவேற்பு' என்று வைக்கலாம் என்பது என் கருத்து. ஒருவரே முழுச்செலவையும் ஏற்பதாகத் தோன்றும் என்றால் 'கூட்டுச் செலவேற்பு'.

மொரோக்கோவின் ஸ்பார்டெல் முனை விளக்கத்தில் இந்தச் சொல்லைப் பொருத்திப் பாருங்கள். 1865 ஒப்பந்தப்படி விளக்கம் மொரோக்கோவுக்குச் சொந்தம். ஆனால் சுல்தானிடம் அப்போது போர்க்கப்பலும் இல்லை, வணிகக் கப்பலும் இல்லை. ஆகவே நடத்தும் செலவைப் பிரிட்டன், பிரான்ஸ், ஸ்பெயின், அமெரிக்கா உள்ளிட்ட பத்து நாடுகள் ஆண்டுதோறும் சமமாக ஏற்றன. பின்னாளில் கப்பல்கள் வந்தால் சுல்தானும் அதே அளவு தர வேண்டும் என்றும் எழுதிவைத்தார்கள். இங்கே பங்கிட யாருக்கும் எதுவும் கிடைக்கவில்லை, ஏற்கத்தான் இருந்தது.

செங்கடலில் அபு அய்ல், ஜபல் அத்தைர் விளக்குகளுக்கான 1962 ஒப்பந்தம் வேறு வழியில் போனது: அவ்வழியே போகும் ஒவ்வொரு நாட்டுக் கப்பல்களின் மொத்த டன்னேஜ் (கப்பலின் அளவைக் குறிக்கும் கணக்கு) எவ்வளவோ, அந்த வீதத்தில் செலவு. முன்னதைச் 'சமச் செலவேற்பு', இதை 'வீதச் செலவேற்பு' எனலாம். டன்னேஜை மட்டும் 'எடை' என்று எழுதிவிட வேண்டாம். நிகர டன்னேஜ் கப்பலின் உள்ளிட அளவிலிருந்து கணக்கிடப்படுவது, எடை அல்ல. 'கொள்ளளவு' நெருங்கி வருகிறது.

அப்புறம், விளக்குகளுக்காக ஒவ்வொரு கப்பலும் துறைமுகத்தில் கட்டும் பணத்தை, நாடுகள் ஏற்கும் இந்தச் செலவோடு கலக்கக் கூடாது. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் அப்படி வசூலாகும் தொகை ஒரே நிதியில் சேர்ந்து வந்தது. அதற்கு 'விளக்குக் கட்டணம்' போதும். 'விளக்கு வரி' என்றால் கொடுப்பதற்கு ஈடாக ஒரு சேவை கிடைக்கிறது என்பதே மறைந்துவிடும்.

டன்னேஜுக்குக் 'கொள்ளளவு' தவிர வேறு சொல் யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள். தொட்டிக்கும் அணைக்கும் சொல்லிச் சொல்லி, கப்பலுக்கு அது சற்று ஒட்டாமலே நிற்கிறது.