மறு: ‘இமெர்சிவ்’ – ஆழ்நிலையா, மூழ்கலா, முங்கலா?

அனைவருக்கும் வணக்கம். பார்ப்பவரை முழுதாகத் தனக்குள் இழுத்துக்கொள்ளும் அனுபவத்தைச் சொல்லும் ‘இமெர்சிவ்’ என்ற சொல்லுக்குத் தமிழில் எது பொருந்தும் என்று நம் குழுவில் நடக்கும் பேச்சுக்கு என் பதில் இது.

> ‘ஆழ்நிலை’ ஏற்கெனவே புழங்குகிறது. அதையே வைத்துக்கொள்ளலாமே?

அண்ணாச்சி, ஆழ்நிலை என்றதும் பிள்ளைகளுக்குத் தியானம்தான் ஞாபகம் வரும். கண்ணை மூடி, அசையாமல் உட்காருவது. வி.ஆர். (விர்ச்சுவல் ரியாலிட்டி, மெய்நிகர் உலகம்) விளையாட்டில் பிள்ளை அப்படியா இருக்கிறது?

போன மாதம் என் பத்தாம் வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன். கூம்பின் இடைக்கண்டம் பாடம், அதாவது கூம்பின் நுனிப் பக்கத்தை அறுத்தெடுத்த பிறகு மிஞ்சும் பகுதி. வழக்கமாக வாளியைத்தான் காட்டுவேன். இந்தத் தடவை கண்ணில் மாட்டும் அட்டைக் கண்ணாடிக்குள் போனைச் செருகி, பிள்ளைகளை இடைக்கண்டத்துக்கு உள்ளேயே நிற்க வைக்கும் விளையாட்டைக் கொடுத்தேன். சுவர்கள் மேலே போகப் போகச் சாய்ந்து நெருங்கும். ஒரு பிள்ளை இடித்துவிடும் என்று தலையைக் குனிந்துகொண்டாள். வகுப்பே சிரித்தது. கண்ணாடியைக் கழற்றியதும் அவள் கேட்டது: “டீச்சர், மேல அறுத்தெடுத்த துண்டு எங்க?”

அதுதான் பாடமே. பெரிய கூம்பின் கன அளவிலிருந்து அந்தச் சின்னக் கூம்பைக் கழித்தால் சூத்திரம் தானாக வந்துவிடும். இத்தனை வருடத்தில் வாளியைப் பார்த்து யாரும் அதைக் கேட்டதில்லை. ஆனால் அவள் கேட்டது வெளியே வந்த பிறகு.

எங்கள் ஆசிரியர் அறையில் இதில் ஒருமித்த கருத்து கிடையாது. ரத்தக்குழாய்க்குள் போய்ப் பார்ப்பதற்கு இதைவிட நல்ல வழி இல்லை, ஆனால் முப்பட்டகத்தை வெயிலில் பிடித்து நிறம் பிரிவதைக் கையால்தான் செய்ய வேண்டும் என்கிறார் அறிவியல் சார். அவர் சொல்வது சரி. இன்னொரு டீச்சருக்குப் பாடம் முடியுமா என்ற கவலை. நீண்ட நேரம் போட்டால் சில பிள்ளைகளுக்குத் தலை சுற்றுகிறது. நகர்கிறோம் என்று கண் சொல்லும்போது, இல்லை என்று உள்காதின் சமநிலை உறுப்பு சொல்கிறதே. யாரைக் கேட்டாலும் கொஞ்ச நேரம் போதும், உடனே வெளியே வந்து பேச வேண்டும் என்பார்கள்.

அதனால்தான் ‘முங்கு’ என்கிறேன். கப்பல் மூழ்கும், கடனில் மூழ்குவார்கள். மூழ்கியது திரும்புவது அபூர்வம். தாமிரபரணிப் படித்துறையில் “ஒரு முங்கு போட்டுட்டு வாரேன்” என்கிறவன் எழுந்து வருவான். மூச்சு இருக்கும் மட்டும் உள்ளே, அப்புறம் வெளியே. இமெர்ஷன் – முங்கல். இமெர்சிவ் லேர்னிங் – முங்கு கற்றல். ஊறுகாய், குடிநீர் போல வினைத்தொகை, இலக்கணமும் உறுத்தாது.

> வட்டார வழக்கு, கொச்சை என்பார்கள்.

முழுகு, மூழ்கு, முங்கு மூன்றும் ஒரு குடும்பம்தான். ஆற்றங்கரைப் பிள்ளைக்கு விளக்கமே வேண்டாம். கலைச்சொல் வேலை நமக்குப் புதிதும் இல்லை, 1930களிலேயே இ.மு. சுப்பிரமணிய பிள்ளை நெல்லையில் இருந்து பார்த்த வேலை.

‘விர்ச்சுவல்’ என்பதற்கு ‘மெய்நிகர்’ இருக்கட்டும், ஊன்றிவிட்டது. ஒரு குறிப்பு மட்டும் சேர்க்கக் கேட்கிறேன். விர்ச்சுவல் இமேஜைப் பாடநூல் ‘மாய பிம்பம்’ என்கிறது. அந்தக் கண்ணாடியில் போன் திரை குவிலென்சின் குவியத் தூரத்துக்குள் இருக்கும். ஆகவே பிள்ளை பார்ப்பது பாடத்தில் படித்த அதே பெரிதான, நேரான மாய பிம்பம். இயற்பியலில் ‘மாய’, கணினியில் ‘மெய்நிகர்’ என்று இருந்தால் இரண்டும் ஒரே சொல்லின் தமிழ் என்று பிள்ளைக்கு எப்படித் தெரியும்?

இன்னொன்றுக்கு என்னிடம் சொல்லே இல்லை. இல்லாத சுவருக்கு அந்தப் பிள்ளை தலையைக் குனிந்தாளே, அங்கேயே இருக்கிறோம் என்ற அந்த உணர்வு, ‘பிரசென்ஸ்’. ‘இருப்பு’ என்றால் ரேஷன் கடைப் பலகைதான் கண்ணில் நிற்கிறது. ‘அங்கிருப்பு’ என்று எழுதிப் பார்த்தேன், மனசு ஒப்பவில்லை. யாருக்காவது தோன்றுகிறதா?

அன்புடன்,
பாளையங்கோட்டையிலிருந்து ஒரு கணக்கு டீச்சர்