மறு: ‘தேய்ந்த நட்டு’ – ஒரு சொல் போதாது

அன்புள்ள நண்பர்களுக்கு,

பழைய கார்களின் சக்கரப் பழுதுகளுக்கான சொற்பட்டியலில் ‘ஸ்ட்ரிப்ட்’ என்பதற்கு ‘தேய்ந்த’ என்று போட்டிருக்கிறோம். இதை மாற்றியே ஆக வேண்டும். ஆங்கிலத்தில் அந்தச் சொல் இரண்டு பழுதுகளுக்குப் பொதுவாக ஓடுகிறது. நட்டின் வெளிமுனைகள் மழுங்கி ஸ்பேனர் வழுக்குவது ஒன்று; உள்ளே மரை, அதாவது திருகிப் பிடிக்கும் சுருள் வரி, அழிந்துபோவது மற்றொன்று. முனை மழுங்கினால் நட்டைக் கழற்ற முடியாது. மரை அழிந்தால் இறுக்க முடியாது. கையேட்டைப் பார்த்து வேலை செய்பவருக்கு எது என்று தெரியாவிட்டால் தவறான கருவியைத்தான் எடுப்பார்.

முதலாவதை ‘முனைமழுங்கல்’ எனலாம். சாக்கெட் என்பது நட்டின் மேல் கவிழ்த்துத் திருப்பும் குழல் போன்ற கருவி. பன்னிரண்டு முனை சாக்கெட் நட்டின் மூலைகளில் மட்டும் பிடிப்பதால் இதை இன்னும் மோசமாக்கும். ஆறுமுனை சாக்கெட் பக்கங்களில் பிடிக்கும். அதற்கும் மசியாவிட்டால், உட்புறம் திருகலான பற்கள் கொண்ட சாக்கெட்டை அடித்து ஏற்றித் திருப்ப வேண்டும். அதைப் ‘பற்சாக்கெட்’ என்றால் போதும், சாக்கெட்டுக்குப் புதுச்சொல் தேட வேண்டாம். சில பழைய நட்டுகளின் மேல் பளபளப்புக்காக மெல்லிய தகட்டு மூடி இருக்கும். அடியில் துரு ஏறினால் மூடி உப்பிக்கொள்ளும். சரியான அளவு சாக்கெட் நுழையாது, பெரியதைப் போட்டால் வழுக்கும். முனைமழுங்கல் பல நேரம் இங்கேதான் தொடங்குகிறது. எனவே ‘மூடி உப்பல்’ தனிப் பதிவாக வேண்டும்.

இரண்டாவது ‘மரையழிவு’. பட்டறையில் ‘மரை போச்சு’ என்பார்கள், அதற்குப் பக்கத்திலேயே நிற்கிறது. நட்டைக் கோணலாக ஏற்றி ஏர் கன்னால் (காற்றழுத்தத்தில் ஓடும் முடுக்கும் கருவி) முடுக்கினால் இதுதான் நடக்கும்.

அப்புறம் ‘ஸ்டட்’, அதாவது சக்கர நட்டு ஏறும் மரையுள்ள தண்டு. ‘சக்கர ஆணி’ என்று முன்மொழிந்திருந்தார்கள். வண்டிச் சக்கரம் கழன்று விழாமல் காக்கும் கடையாணி நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது, இரண்டும் குழம்பும். நான் ‘சக்கர முளை’யை முன்வைக்கிறேன். அடித்து இறக்கி அங்கேயே நிற்கவிடுவது முளை. ஸ்டட்டும் சக்கரக் குடத்தின் (ஹப்) பின்பக்கமிருந்து அழுத்தி ஏற்றப்பட்டு அப்படியே நிற்கிறது. அதன் கழுத்தில் உள்ள வரிப்பற்கள்தான் அதைச் சுழலாமல் பிடிக்கின்றன. அந்தப் பற்கள் அழிந்தால் நட்டோடு முளையும் சேர்ந்து சுற்றும்: ‘முளைச்சுழல்’. ஒடிந்தால் ‘முளைமுறிவு’. ஒடிந்த முளையைப் பின்பக்கமாக அடித்து வெளியேற்றி, புதியதைச் செருகி, வாஷர்களும் பழைய நட்டும் போட்டு இறுக்கி இழுப்பார்கள். சில கார்களில் பின்னால் இடம் போதாது, குடத்தையே கழற்ற வேண்டும். ஒரு முளை ஒடிந்திருந்தால் அதன் சுமையைப் பக்கத்து முளைகள் தாங்கியிருக்கும், அவற்றையும் மாற்றுவதுதான் சரி. இந்த எச்சரிக்கையும் விளக்கத்தில் வரட்டும்.

மரை சுற்றும் திசைக்கு ‘வலம்புரி, இடம்புரி’ என்ற யோசனையை ஏற்கக் கூடாது. இங்கே திசை மாறிப் புரிந்தால் ஆபத்து: பழைய கிறைஸ்லர் கார்கள் பலவற்றில் இடப்பக்கச் சக்கரங்களுக்கு எதிர்த்திசை மரை உண்டு. தெரியாமல் வழக்கம்போலக் கழற்றப் பார்ப்பவர் உண்மையில் இறுக்கிக்கொண்டே போய் முளையை ஒடிப்பார். நாம் வலம்புரி என்று போற்றும் அபூர்வச் சங்கை உயிரியலார் இடச்சுழிச் சங்கு என்கிறார்கள். அதன் சுருள் எதிர்த்திசை மரையின் சுருளோடுதான் ஒக்கும், சாதாரண மரையோடு அல்ல. ஆக, சங்கை மனதில் வைத்துப் படிப்பவருக்கு இந்தச் சொற்கள் நேர் தலைகீழாகப் பொருள்படும். ‘வலமரை, இடமரை’ என்று வைத்து, விளக்கத்தில் ‘இடமரையைக் கடிகார முள் சுற்றும் திசையில் திருப்பினால் கழலும்’ என்று எழுதிவிடலாம்.

சக்கரத்தை மாட்டி 80 முதல் 160 கிலோமீட்டர் ஓடிய பின் நட்டுகளைத் திரும்ப முறுக்கிப் பார்ப்பதற்கு ‘மறுமுறுக்கு’ என்று குறித்திருக்கிறேன். இதைவிடப் புழக்கத்திலுள்ள சொல் யாரிடமாவது இருந்தால் அதையே எடுத்துக்கொள்வோம்.