புதுப்பிப்பு: சைலன்சர் மாற்றியபின் வந்த பட் பட் சத்தம்

போன முறை எழுதியது: வெளிச்சந்தை சைலன்சர் போட்டதிலிருந்து ஆக்சிலரேட்டரை விட்டால் பட் பட் என வெடிக்கிறது, முழுதாய்த் திருகினால் வண்டி திணறுகிறது, பிளக் முனை வெள்ளையாக இருக்கிறது. பெட்ரோல் போதவில்லை என்று பலரும் சொன்னீர்கள். பாதி சரி.

கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் சிறு துளைத் திருகுகளில் பெரியதான மெயின் ஜெட்டின் அளவை 110-லிருந்து 115 ஆக்கினேன். திணறல் போனது. வெடிப்பு மட்டும் அப்படியே இருந்தது. மெயின் ஜெட் முக்கால் திருகலுக்கு மேல்தானே வேலை செய்யும். ஆக்சிலரேட்டரை விட்டபின் வரும் சத்தத்துக்கு அதை 120 ஆக்கியிருந்தாலும் பயனில்லை. இது எனக்கு உறைக்க ஒரு வாரம் ஆனது.

அப்புறம், ஆக்சிலரேட்டரை விட்டிருக்கும்போது பெட்ரோல் தரும் பைலட் ஜெட்டை ஒரு அளவு கூட்டினேன். சத்தம் கொஞ்சம் குறைந்தது. மிச்சத்துக்குக் காரணம் கார்புரேட்டரே இல்லை. சைலன்சர் குழாய் சேரும் எஞ்சின் வாயில், இடுக்கை அடைக்கும் வளையமான கேஸ்கெட்டைப் புதிதாக மாற்றாமல் பழையதையே மறுபடி போட்டிருந்தேன் (சோம்பேறித்தனம், வேறென்ன). அந்த இடுக்கு வழியாக வெளிக்காற்று உள்ளே போய், எரியாத பெட்ரோல் குழாயிலேயே எரிந்திருக்கிறது. புது கேஸ்கெட் போட்டு, நட்டுகளை மாற்றி மாற்றிச் சமமாக இறுக்கினேன். சத்தம் நின்றது.

கார்புரேட்டரில் பாதித் திருகலுக்கான பெட்ரோல் அளவை வைக்கும் ஊசியின் கிளிப்பைத் தொடவில்லை. அந்த நிலையில் வண்டி நன்றாகவே இழுக்கிறது. பிளக் முனை இப்போது இளம் பழுப்பு, அதாவது பெட்ரோல் அளவு சரி. காற்று வடிகட்டியை மாற்றினால் இந்த அளவுகள் பொருந்தாது, அதனால் அதில் கை வைக்கப் போவதில்லை.