சல்பேட் இல்லாத ஷாம்புவுக்கு மாறியும் தலை வறள்கிறது: காரணம் என்ன?

ஈரோட்டுவாசி (கேள்வி):
வணக்கம். வாரம் இருமுறை தேங்காய் எண்ணெய் தேய்த்துத் தலைக்குக் குளிப்பேன். எங்கள் வீட்டில் ஆழ்துளைக் கிணற்று நீர்தான். முடி வறள்கிறதே என்று, 'சல்பேட் இல்லை' எனக் கொட்டை எழுத்தில் அச்சிட்ட ஒரு ஷாம்புவுக்கு மாறினேன். விலை அதிகம், ஆனால் காதோரத்திலும் பிடரியிலும் தோல் முன்னைவிட இழுத்துப் பிடிக்கிறது, நுனிமுடி தேங்காய் நார் போல் நிற்கிறது. பழைய புட்டியில் தண்ணீருக்கு அடுத்து சோடியம் லாரத் சல்பேட், பிறகு கோகமிடோபுரோப்பில் பீட்டைன், சற்றுத் தள்ளி டைமெத்திகோன். புதியதில் தண்ணீருக்கு அடுத்துச் சோடியம் சி14-16 ஒலிஃபின் சல்ஃபோனேட். பீட்டைன் வாசனைப் பொருளுக்கும் பின்னால்தான் வருகிறது. எது கடுமையானது?

நுரைக்கணக்கு:
நீங்கள் எழுதிய பட்டியலிலேயே விடை இருக்கிறது. ஒலிஃபின் சல்ஃபோனேட் சல்பேட் அன்று என்பது உண்மை. ஆனால் எண்ணெயை வழித்தெடுப்பதில் அது சல்பேட்டுக்குச் சளைத்ததில்லை. பொருள்கள் அளவு குறையும் வரிசையில் அச்சிடப்படும். 1 சதவீதமும் அதற்குக் குறைவும் உள்ளவை மட்டும் எப்படியும் மாறி வரலாம். வாசனைப் பொருள் வழக்கமாக அந்தக் கடைசிக் கூட்டத்தில்தான் இருக்கும் என்பதால், அதற்கும் பின்னால் வரும் பீட்டைன் (கடுமையைத் தணிக்கும் துணை நுரைப்பொருள்) பெயருக்குச் சேர்க்கப்பட்டதாகவே தோன்றுகிறது.

பழையதில் இருந்தது லாரத், லாரில் அன்று. லாரில் சல்பேட்டைத் தோல் மருத்துவ ஆய்வுகளில் வேண்டுமென்றே தடவி எரிச்சலை உண்டாக்கி, அதை அளவுகோலாக வைத்துக்கொள்வார்கள். அத்தனை கடுமை அதற்கு. எத்திலீன் ஆக்சைடு சேர்ந்து மூலக்கூறு பெரிதாகிவிடுவதால் லாரத் தோலுக்குள் அவ்வளவாக ஊடுருவுவதில்லை. அதனுடன் போதிய பீட்டைன் சேரும்போது இரண்டும் கூடித் திரள்களாகி, தோலைத் தாக்கும் தனி மூலக்கூறுகள் குறைந்துவிடுகின்றன. டைமெத்திகோன் முடியின் மேல் வழுவழுப்பாகப் படிகிறது. என் கணிப்பில் பழைய புட்டியே மென்மையானது.

இயற்கைவழி:
சகோதரி, இந்த இரசாயனங்கள் எல்லாம் எதற்கு? கையால் செய்த தேங்காய் எண்ணெய்ச் சோப்பைத் தலைக்குப் போட்டுப் பாருங்கள்.

நுரைக்கணக்கு:
ஈரோட்டுவாசியின் தண்ணீருக்கு அது சரிவராது, நண்பரே. சோப்பின் அமில-கார அளவு (pH) 9 முதல் 10 வரை, அதாவது காரமாகப் போகும், தலைத்தோலோ 5.5 அளவில் இலேசான அமிலத்தன்மை உடையது. போதாததற்கு, கடின நீரிலுள்ள கால்சியம் சோப்புடன் சேர்ந்து கரையாத படிவாக முடியில் ஒட்டும். சீப்பில் சாம்பல் நிறத்தில் பிசுபிசுப்பாக வருவது அதுதான். சீயக்காய் வேறு கதை: அதன் இயற்கை நுரைப்பொருளான சப்போனின் அமிலத்தன்மையுள்ள கரைசலிலேயே நுரைக்கும். கரகரப்பான தூளை அப்படியே தேய்க்காமல், ஊறவைத்து வடிகட்டிப் பயன்படுத்த வேண்டும்.

ஈரோட்டுவாசி:
நன்றி ஐயா. அப்படியானால் மென்மையானது வேண்டுமென்றால் எந்தப் பெயரைத் தேட வேண்டும்? எண்ணெய் போகுமா என்ற பயமும் இருக்கிறது.

நுரைக்கணக்கு:
தண்ணீரை அடுத்துச் சோடியம் கோகோயில் ஐசெத்தியோனேட், டெசைல் குளுக்கோசைடு, டைசோடியம் லாரத் சல்ஃபோசக்சினேட் ஆகியவற்றில் ஒன்று வருகிறதா என்று பாருங்கள். உங்கள் பயம் நியாயமானது. உள்ளங்கை நிறைய எண்ணெய் வைத்தால் இவை திணறும், நீங்களும் மூன்று முறை போட்டு அலசுவீர்கள், மென்மை அத்தோடு போயிற்று. எண்ணெயைக் குறையுங்கள். குளிப்பதற்கு முன் தேய்க்கும் தேங்காய் எண்ணெய் முடிக்குள் ஊடுருவிப் புரத இழப்பைக் குறைப்பதாக 2003இல் வெளியான ஆய்வு காட்டியது. அதற்கு முடியில் எண்ணெய் வழிய வேண்டியதில்லை. ஷாம்புவைத் தலைத்தோலில் மட்டும் தேய்த்தால், வழிந்திறங்கும் நுரையே நுனிக்குப் போதும்.

தோல்பிரிவுச் செவிலி:
ஒன்றைச் சேர்க்கிறேன். பீட்டைனும் எல்லோருக்கும் ஒத்துக்கொள்வதில்லை. அமெரிக்கத் தொடுதோல் அழற்சிச் சங்கம் 2004இல் அதையே அவ்வாண்டின் ஒவ்வாமைப் பொருளாக அறிவித்தது. தயாரிப்பில் தங்கிவிடும் கலப்புகளே பெரும்பாலும் காரணம் என்கிறார்கள். பழைய ஷாம்புவுக்குத் திரும்பிய பிறகு இமையோரத்திலும் கழுத்திலும் அரிப்பு வந்தால் ஒட்டுச் சோதனை (பொருளைத் தோலில் ஒட்டி ஒவ்வாமை பார்ப்பது) செய்துகொள்ளுங்கள். காதோரத்தில் உதிர்வது மஞ்சளாக, எண்ணெய்ப் பசையுடன் இருந்தால் அது பொடுகு. எந்த மென்மையான ஷாம்புவும் அதைத் தீர்க்காது, பூஞ்சைக்கொல்லி மருந்தான கீட்டோகோனசோல் தேவையா என்பதை மருத்துவரிடம் கேளுங்கள்.