எக்ஸ் பார்ட்டே கட்டண விண்ணப்பம்: ‘மூடுறை விண்ணப்பம்’ எனலாமா?

அன்புள்ள குழு நண்பர்களுக்கு,

கனடாவின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான சி.ஆர்.டி.சி.யின் ஆணைகளில் வரும் ‘எக்ஸ் பார்ட்டே’ கட்டண விண்ணப்பத்துக்கு (போட்டியாளருக்குத் தெரியாமல் ஆணையத்துக்கு மட்டும் காட்டப்படும் விண்ணப்பம்) தமிழில் ‘ஒருதலைப்பட்ச விண்ணப்பம்’, ‘இரகசிய விண்ணப்பம்’ என்று இரண்டு சொற்கள் முன்வைக்கப்பட்டுள்ளன. இரண்டையும் ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. முதற்சொல் நீதிமன்றத் தமிழில், எதிர்த்தரப்பு வராத நிலையில் வழங்கப்படும் தீர்ப்போடு ஒட்டிக்கொண்டுவிட்டது. வெளியே அதற்குப் பாரபட்சம் என்றே பொருள். இங்கோ போட்டி நிறுவனம் வராமலிருக்கவில்லை. அதற்குச் செய்தியே தெரியாது.

நடைமுறையைப் பார்த்தால் சிக்கல் விளங்கும். ஆணையம் விலக்களிக்காத எந்தச் சேவையையும், தாக்கல் செய்து ஒப்புதல் பெற்ற கட்டணவிதியின் (டாரிஃப்) படியே வழங்க வேண்டும் என்கிறது 1993ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டத்தின் 25ஆம் பிரிவு. வழக்கமான விண்ணப்பம் தாக்கலானதுமே எல்லோர் பார்வைக்கும் வந்துவிடும். புதிய சலுகையொன்றின் விலையைப் போட்டியாளர் அப்படி முன்கூட்டியே பார்த்துவிட்டால், ஒப்புதல் வருவதற்குள் அதற்கு ஈடான சலுகையை அவர் சந்தையில் இறக்கிவிடலாம். அதைத் தவிர்க்கத்தான் விண்ணப்பத்தை ஆணையத்துக்கு மட்டும் காட்டும் வழி இருக்கிறது. ஒப்புதல் கிடைத்தபின் கட்டணவிதி பகிரங்கமாகிவிடும். வாடிக்கையாளரிடம் வாங்கும் விலையை அதற்குமேல் மறைப்பதில் பொருளும் இல்லை.

‘இரகசியம்’ சறுக்குவது இங்கேதான். அதே சட்டத்தின் 39ஆம் பிரிவு வேறொரு மறைப்பைப் பேசுகிறது: தொழில் இரகசியம், வெளியானால் நிறுவனத்தின் போட்டி நிலையைப் பாதிக்கக்கூடிய நிதி, வணிகத் தரவு போன்றவை. கட்டணத்துக்கு ஆதாரமாக நிறுவனம் தரும் செலவு ஆய்வின் எண்கள் இந்த வகை. பொதுக்கோப்பில் வைக்கப்படும் சுருக்கப் படியில் அந்த எண்கள் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ஹேஷ் (#) குறிகள் நிற்கும். பொதுநலன் கருதி வெளியிடலாம் என ஆணையம் முடிவு செய்தாலொழிய, கட்டணத்துக்கு ஒப்புதல் வந்த பிறகும் அவை அப்படியே நிற்கும். ஒன்று ஒப்புதலோடு தீர்ந்துபோகும் மறைப்பு, மற்றொன்று தொடரும் மறைப்பு. ஒரே விண்ணப்பத்தில் இரண்டும் சேர்ந்து வரக்கூடும் என்பதால், இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால் மொழிபெயர்ப்பாளர் முதல் பக்கத்திலேயே திணறுவார்.

தொடரும் மறைப்புக்குத் தமிழக அரசு அலுவலகங்களில் புழங்கும் ‘மந்தணம்’ போதும்: மந்தணத் தகவல், மந்தணக் குறிப்பீடு. ‘எக்ஸ் பார்ட்டே’க்கு என் பரிந்துரை ‘மூடுறை விண்ணப்பம்’. மூடி முத்திரையிட்ட உறைகளில் ஒப்பந்தப்புள்ளிகள் வரவேற்கப்படுவதாக வரும் அறிவிப்புகளை நாம் நாள்தோறும் பார்க்கிறோம். அந்த உறை உரிய நேரத்தில் எல்லோர் முன்னிலையிலும் பிரிக்கப்படும் என்பது அந்த வழக்கிலேயே அடங்கியிருக்கிறது.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. இந்திய நீதிமன்றங்களில் அரசு கொடுக்கும் மூடிய உறை, எதிர்த்தரப்புக்குக் கடைசிவரை பிரிக்கப்படாத உறையாகவே இருந்துவந்தது. மீடியாஒன் தொலைக்காட்சி வழக்கில் 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமே அந்தப் பழக்கத்தைக் கண்டித்தது. இருந்தாலும் ஒப்பந்தப்புள்ளி உறையைத் தெரிந்தவர்களே அதிகம் என்பதால், என் பரிந்துரையை நான் திரும்பப் பெறவில்லை.

இந்திய வழக்கத்தை இதோடு கலக்க வேண்டாம். இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் பெரும்பாலான கைப்பேசிக் கட்டணங்களுக்கு முன் ஒப்புதல் கேட்பதில்லை. அறிமுகப்படுத்தியபின் 7 வேலைநாளுக்குள் தெரிவித்தால் போதும். குறிப்பிட்ட சில வாடிக்கையாளருக்கு மட்டும் தரும் சலுகைகளின் விவரத்தை டிராய்க்குக் கொடுக்குமாறு 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவிட்டபோது, டிராய் அதை வெளியிடாமல் காக்க வேண்டும் என்றது. அது மந்தணம், மூடுறை அல்ல.

மேலே ‘கட்டணவிதி’ என்று எழுதியதற்கும் காரணம் உண்டு: டாரிஃப் என்பது விலையோடு சேவை நிபந்தனைகளையும் கொண்ட ஆவணம், ‘கட்டணம்’ விலையை மட்டுமே குறிக்கும். ‘தீர்வை’ சுங்கத்துக்குப் போய்விட்டது. இலங்கையின் தொலைத்தொடர்பு ஆவணங்களில் வேறு சொல் புழங்கினால், அங்குள்ள நண்பர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன்.