புதுப்பிப்பு: அம்மாவின் பயணத்துக்குச் சென்னையா, திருச்சியா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து அம்மாவைத் தஞ்சாவூருக்கு அழைத்துச் செல்ல எந்த விமான நிலையம் நல்லது என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன அண்ணன்மார், அக்காமார் அனைவருக்கும் நன்றி. திருச்சி என்று முடிவாகிவிட்டது.

வான்வழித் தூரத்தில் பெரிய வேறுபாடே இல்லை. கோலாலம்பூரிலிருந்து சென்னை சுமார் 2,630 கிலோமீட்டர், திருச்சி சுமார் 2,690. இரண்டுக்கும் ஏறத்தாழ நான்கு மணி நேரப் பறப்பு. உண்மையான வேறுபாடு தரையில்தான் இருக்கிறது. சென்னையில் இறங்கினால் தஞ்சைக்கு இன்னும் 340 கிலோமீட்டர் போக வேண்டும். திருச்சியிலிருந்து 60 கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும். மூட்டுவலியோடு வருபவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

டிக்கெட்டில் உள்ள நேரங்களைப் பார்த்துக் குழம்பாதீர்கள். இந்திய நேரம் நமக்கு இரண்டரை மணி பின்னால். காலை 9 மணிக்குப் புறப்படும் விமானம் அங்கே 10:30 மணிக்கு இறங்கும். அம்மாவுக்கு மாத்திரை வேளையைக் கணக்கிட இது மிகவும் முக்கியம். நம் ஊர் நேரப்படியே ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன்.

இங்கிருந்து இடிஎஸ் எனும் மின்சார ரயிலில் கோலாலம்பூரின் மைய ரயில் நிலையமான கேஎல் சென்ட்ரல். அங்கிருந்து கேஎல்ஐஏ எக்ஸ்பிரஸ் ரயிலில் விமான நிலையத்தின் முதல் முனையத்துக்கு 28 நிமிடம்.

தாத்தா காலத்தில் இந்தியாவுக்கும் மலாயாவுக்கும் இடையே ஓடிய ரஜுலா கப்பலில் இதே கடலைக் கடக்க ஒரு வாரம்போல் ஆகும். அம்மா அதைச் சொல்லிச் சொல்லி வியக்கிறார். சக்கர நாற்காலிக்கு முன்பதிவும் செய்தாகிவிட்டது.